கோட்டுக் கட்டளையை வீட்டில ஆர் வாசிக்கிறது?

"எங்கட லோயரை அவையள் வாங்கிப்போட்டினம்." யாழ்ப்பாணத்தில காணி வழக்கு நடக்கிற வீடுகளில எப்பவாவது ஒரு நாள் இந்த வசனம் வந்தே தீரும். கலியாண வீட்டில கேட்டிருக்கிறன், செத்தவீட்டில கேட்டிருக்கிறன், கோட்டடியில மர நிழலில நிண்டுகொண்டு முன்பின் தெரியாத ஆக்கள் எனக்கே சொல்லியிருக்கினம். பிறகு எங்கட வீட்டிலயும் சொல்லிச்சினம், அண்டையில இருந்து அந்த வசனம் என்னை விடுறதாயில்லை. அப்பிடி ஒண்டு உலகத்தில நடக்கவே நடக்காது எண்டு நான் வாதாட வரேல்லை. ஆனா நான் கண்டவரைக்கும் இந்தச் சந்தேகம் பிறக்கிற இடம் அநேகமா ஒண்டுதான், கோட்டுக்குள்ள என்ன நடந்தது எண்டு வீட்டுக்காரருக்கு விளங்கேல்லை, லோயர் ஏன் அப்பிடிச் செய்தவர் எண்டும் விளங்கேல்லை, கேக்கவும் பயம். நீதிபதி போட்ட கட்டளை எழுத்தில கிடக்கு, காசு கட்டினால் கொப்பி எடுக்கலாம், அதை மட்டும் ஆரும் எடுத்து வாசிக்கிறேல்லை. வாசிக்காமலே வெண்டம் எண்டும் தோத்தம் எண்டும் வித்துப்போட்டினம் எண்டும் முடிவு கட்டிறம்.

எங்கட வழக்கைச் சுருக்கமாச் சொல்லுறன், அது இன்னும் நடக்கிறபடியால் ஊர் பேர் வேண்டாம். வலிகாமத்தில அம்மாவின்ர சீதனக் காணி, நாலு பரப்புத் தோட்டம். ரோட்டில இருந்து அதுக்குப் போறதெண்டால் பக்கத்து வளவின்ர கிழக்கு எல்லையோட போற ஒழுங்கையாலதான் போகோணும். கிணறும் பங்குக் கிணறு, அது அந்த வளவுக்குள்ளதான் கிடக்கு. உறுதியில, அதாவது காணிப் பத்திரத்தில, கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் எண்டு வடிவா எழுதிக் கிடக்கு, ஆனா ஒழுங்கை எத்தினை அடி அகலம் எண்டு ஒரு சொல்லும் இல்லை. பழைய வளவுக்காரர் இருக்குமட்டும் ஒருத்தரும் உறுதியை எடுத்துப் பாக்கேல்லை. அவர் மோசம்போன பிறகு வெளிநாட்டில இருக்கிற பிள்ளையள் வளவை வித்துப்போட்டினம், வாங்கினவர் மதில் கட்டப்போறன் எண்டு ஒழுங்கைக்குக் குறுக்கால அத்திவாரத்தை வெட்டிப்போட்டார். அதோட மாவட்டக் கோட்டில வழக்கு.

கோட்டடிக் கதை

ஒரு தவணை நாளில என்ன நடக்கும் எண்டு போனாக்களுக்குத் தெரியும். காலமை வெள்ளனப் போய் வாங்கில இருக்கோணும். வழக்கு இலக்கத்தைக் கூப்பிடேக்க அம்மா எழும்பி நிப்பா. லோயர் ஏதோ ரெண்டு வசனம் சொல்லுவார், மற்றப் பக்க லோயர் ரெண்டு வசனம் சொல்லுவார், நீதிபதி ஏதோ சொல்ல அது பதிவாகும், முடிஞ்சுது. வெளியில வந்தால் எங்கட லோயரை இன்னும் நாலு பேர் சுத்தி நிப்பினம். அவர் அந்தச் சனத்துக்கு மேலால எட்டிப் பாத்து, "ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ அம்மா, அடுத்த தவணைக்கு வாங்கோ" எண்டு போட்டு மற்றக் கோட்டுக்கு ஓடுவார். பிறகு அந்த ரெண்டு நிமிசத்துக்கு விளக்கம் சொல்லுறது எங்கட சித்தப்பா. அவர் கோட்டுக்கு வெளியில நிண்டவர், ஆனா எல்லாம் அவருக்குத் தெரியும். ஓட்டோவில வீட்டை வாறதுக்கிடையில கதை ஒரு உருவம் எடுக்கும், பின்னேரம் ரொறன்ரோவில இருந்து சின்னமாமா வட்ஸ்அப்பில எடுக்கேக்க அது வேற உருவம். சின்னமாமாதான் லோயர் பீசுக்குக் காசு அனுப்புறவர், அவருக்கு ஒரே கேள்விதான், "என்னக்கா, வெல்லுமோ?"

இந்தக் கேள்விக்கு நேர்மையான எந்த லோயரும் ஓம் எண்டோ இல்லை எண்டோ சொல்லேலாது. ஆனா எல்லா வீட்டிலயும் இதைத்தான் கேக்கினம். அண்டைக்கு என்ன கட்டளை போட்டது, அது ஆரை என்ன செய்யச் சொல்லுது, எதுவரைக்கும் இருக்கும், அடுத்த தவணை என்னத்துக்கு எண்டு கேக்கிற ஆக்கள் குறைவு. அடுத்த தவணை மறுமொழி தாக்கல் செய்யிறதுக்கோ, ஆட்சேபனைக்கோ, விளக்கத்துக்கோ (சாட்சி கேட்டு விசாரிக்கிறதுக்கோ) எண்டது தெரியாமலே ஆக்கள் லீவு போட்டுக்கொண்டு வருசக்கணக்கா வந்து போகினம். அம்மம்மாவின்ர காலத்துச் சனம் அப்புக்காத்து, பிறக்கிறாசி எண்ட ரெண்டு வகை லோயரைக் கண்டால் கையைக் கட்டிக்கொண்டு நிண்டது. அந்தப் பிரிவையே 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டம் எடுத்துப்போட்டுது, இப்ப எல்லாரும் சட்டத்தரணிதான். கை கட்டிற பழக்கம் மட்டும் எங்களிட்ட நிண்டுபோச்சு.

மொழி விளங்கேல்லை எண்டு சொல்லவும் இஞ்ச இடமில்லை. 1988இல வந்த 16ஆவது திருத்தத்துக்குப் பிறகு வடக்கு கிழக்கில கோட்டு மொழி தமிழ், வழக்கேட்டில பதியிறதும் தமிழ். கொழும்பில ஒரு சிங்கள மனுசன் தன்ர மொழியில தன்ர கட்டளையை வாசிக்கிற மாதிரி நாங்களும் எங்கட மொழியில வாசிக்கலாம். இதுக்காக எவ்வளவு கதைச்ச சனம் நாங்கள். கையில கிடைச்ச பிறகு வாசிக்காமல் இருக்கிறது எனக்கு உண்மையில மனவருத்தம்.

முறைப்பாட்டில இருந்த மூண்டு காரணம்

எங்கட லோயர் எழுதின முறைப்பாட்டில ஒழுங்கைக்கு மூண்டு காரணம் கிடந்தது. முதலாவது உறுதியில எழுதிக் கிடக்கிற உரிமை. ரெண்டாவது, அது இல்லையெண்டால், பத்து வருசத்துக்கு மேல தடையில்லாமல் பாவிச்சபடியால் ஆட்சியால வந்த உரிமை, அது 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்ர மூண்டாம் பிரிவு. மூண்டாவது, அதுவும் இல்லையெண்டால், வேற போக்கே இல்லாத காணிக்கு அவசியத்தால கிடைக்கிற பாதை. அம்மாவுக்கு இது சரியான கோவம். "உறுதியில இருக்கெண்டால் பிறகென்னத்துக்கு இல்லையெண்டால் இல்லையெண்டால் எண்டு எழுதுறார், அவருக்கே நம்பிக்கை இல்லைப் போல கிடக்கு" எண்டா. நானும் அதைத்தான் லோயரிட்ட கேட்டனான், அம்மா சொன்ன மாதிரியே கேட்டனான்.

அவர் சொன்னது இதுதான். முறைப்பாட்டில போடாத காரணத்தைப் பிறகு கொண்டுவாறது பெரிய கரைச்சல். ரெண்டு பக்கமும் எழுவினாக்கள், அதாவது கோடு தீர்க்கவேண்டிய கேள்வியள், குடுக்கும், நீதிபதி அதை ஏற்றுக்கொண்ட பிறகு வழக்கு அந்த எழுவினாக்களிலதான் நடக்கும், முறைப்பாடும் மறுமொழியும் பின்னுக்குப் போயிடும். அதால எல்லாக் கதவையும் முதலே திறந்து வைக்கிறது. ஆனா மூண்டும் ஒரே பலமில்லை. அவசியப் பாதை அந்த அவசியம் இருக்குமட்டுந்தான். ஆட்சியால உரிமை கேக்கிறதெண்டால் எந்த இடத்தால தொடங்கி எந்த இடத்தால போய் எந்த இடத்தில முடியுது எண்டு திட்டமான ஒரு பாதையைக் காட்டோணும், "அந்தப் பக்கத்தால போய் வந்தனாங்கள்" எண்டால் எடுபடாது. அதாலதான் நிலம் அளக்கிற சேவையருக்குக் கொமிசன், அதாவது கோட்டின்ர ஆணை, கேட்டு, வரைபடம் கீறி, உறுதியில கிடக்கிற எல்லையை நிலத்தில காட்டோணும் எண்டு நிண்டவர். சித்தப்பாவுக்கு சேவையருக்குக் கட்டின காசு வீண்செலவு. எனக்கு இப்ப அந்த வரைபடம்தான் முழு வழக்கும்.

இந்த இடத்தில எங்கட ஊரில நடந்த இன்னொரு கதையும் ஞாபகம் வருது. ரெண்டு குடும்பத்துக்குக் காணிச் சண்டை, பொலிசுக்குப் போக, பொலிஸ் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின்ர 66ஆம் பிரிவில வழக்குப் போட்டுது. ஒரு குடும்பத்துக்குச் சாதகமாக் கட்டளை வந்தது, அவையள் வெடி கொழுத்திக் கொண்டாடிச்சினம். ஆனா அந்தப் பிரிவில கோடு காணி ஆற்ற எண்டு தீர்மானிக்கிறேல்லை. வழக்குத் தாக்கலான நாளில ஆர் காணியை வைச்சிருந்தது, அதுக்கு முந்தின ரெண்டு மாதத்துக்குள்ள ஆரையும் பலவந்தமா வெளியேத்தினதோ எண்டு பாத்து, அடிபாடு வராமல் இருக்க ஒரு ஏற்பாடு செய்யும், அவ்வளவுதான். உரித்துக் கதை மாவட்டக் கோட்டிலதான். பிறகு மற்றப் பக்கம் அங்க வழக்குப் போட, வெடி கொழுத்தின குடும்பத்துக்கு ஒண்டுமே விளங்கேல்லை, "வெண்ட காணிக்கு இன்னொரு வழக்கோ?" எண்டு எல்லாரிட்டயும் கேட்டுத் திரிஞ்சவை. அந்தக் கட்டளையிலயே அது எழுதிக் கிடந்திருக்கும்.

அந்தத் தவணை

இனி என்னைத் திருப்பிப்போட்ட நாளுக்கு வாறன். வழக்குப் போட்ட உடனயே மதில் வேலையை நிப்பாட்ட அவசரத் தடை கிடைச்சது. அது ஒருக்கா குடுத்தால் 14 நாளுக்கு மேல போகாது, நீடிக்கிறதெண்டாலும் 14, 14 நாளாத்தான் நீடிக்கலாம். அதுக்குப் பிறகு வழக்கு முடியுமட்டும் இருக்கக்கூடிய இடைக்காலத் தடைக்கட்டளைக்கு ரெண்டு பக்கத்தையும் கேட்டு விசாரணை நடக்கோணும். அந்த விசாரணைத் தவணைக்கு வீட்டில எல்லாரும் பெரிய எதிர்பார்ப்போட இருந்தவை. அம்மா கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துபோட்டு வந்தவ. சித்தப்பா புதுச் சேட்டுப் போட்டவர். எங்கட லோயர் எழும்பி நிண்டு கிழிக்கப்போறார், அத்திவாரத்தை இடிக்கச் சொல்லிக் கட்டளை வரப்போகுது எண்டு நினைச்சுக்கொண்டு போனம்.

வழக்கைக் கூப்பிட்டினம். நீதிபதி ரெண்டு பக்கத்தையும் பாத்து, இந்த இடைக்கால விசயத்தில ஒரு இணக்கத்துக்கு வரேலாதோ எண்டு கேட்டார். கொஞ்ச நேரம் ஒத்திவைச்சினம். அந்த நேரம் எங்கட லோயரும் அவையின்ர லோயரும் மேசையில தலையைக் கிட்ட வைச்சுக் கதைச்சவை, அவையின்ர லோயர் ஏதோ சொல்ல எங்கட லோயர் சிரிச்சவர். அம்மா அதைப் பாத்துக்கொண்டு இருந்தவ. எங்கட லோயர் ஒருக்கா அம்மாவிட்ட வந்து குனிஞ்சு, "அம்மா, அவர் வழக்கு முடியுமட்டும் கட்டமாட்டன் எண்டுறார், அது எங்களுக்குக் காணும், சரிதானே" எண்டு கேட்டவர், அம்மா பயத்தில தலையை ஆட்டினவ. திரும்பக் கூப்பிட்டவை. எதிராளி கூண்டுக்குக் கிட்ட வந்து நிண்டவர், ஏதோ கேட்டவை, ஓம் எண்டவர். எங்கட பக்கத்தால தடைக்கட்டளை விண்ணப்பத்தை வலியுறுத்தேல்லை எண்டு சொல்லிச்சினம். தவணை போட்டாச்சு. வாதமும் இல்லை, விசாரணையும் இல்லை.

ஓட்டோவில அம்மா ஒரு சொல் கதைக்கேல்லை. சித்தப்பாதான் கதைச்சது. "கிடைக்கவிருந்த தடையை ஏன் கைவிட்டவர்? சிரிச்சுக் கதைச்சதைப் பாத்தனீங்கள்தானே, வாங்கிப்போட்டினம்." பின்னேரம் சின்னமாமா போனில கத்தின கத்து ஒழுங்கைக்குக் கேட்டிருக்கும். லோயரை மாத்து, உடன மாத்து, நான் வேற ஆளுக்குக் காசு அனுப்புறன். அம்மா குசினிக்குள்ள போய் அழுதவ. காணி போட்டுது எண்டு இல்லை, தான் தலையாட்டிப்போட்டன் எண்டு.

லோயரை மாத்துறது நினைச்ச உடன செய்யிற வேலையும் இல்லை. கோட்டில போட்ட புறொக்ஸி (அவரை நியமிச்ச கடதாசி) இருக்குமட்டும் அவர்தான் எங்கட சட்டத்தரணி, நாங்களா ஒரு கடதாசியும் தாக்கல் செய்யேலாது. அதை முறைப்படி நீக்கிப்போட்டுத்தான் புது ஆளின்ர புறொக்ஸி போடலாம். சின்னமாமாவிட்ட நான் ஒண்டு மட்டும் கேட்டனான், கட்டளையின்ர கொப்பி வருமட்டும் பொறுங்கோ, வாசிச்சுப்போட்டு நானே உங்களுக்கு எடுக்கிறன் எண்டு.

கொப்பி வந்த பிறகு

சான்றுப்படுத்தின கொப்பிக்கு விண்ணப்பம் குடுத்து, காசு கட்டி, எடுத்துக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில வைச்சு அம்மாவுக்குச் சத்தமா வாசிச்சன். ஒரு பக்கமும் கொஞ்சமும். முதல் ஆர் ஆருக்காகத் தோன்றினது எண்டு கிடந்தது. பிறகு, எதிராளி தானே திறந்த மன்றில, இந்த வழக்கு முடியுமட்டும் வழக்குக்குரிய பாதைக்குக் குறுக்கால எந்தக் கட்டுமானமும் செய்யிறேல்லை எண்டும், அதால வழக்காளி போய் வாறதைத் தடுக்கிறேல்லை எண்டும் உறுதிமொழி குடுக்கிறார் எண்டு கிடந்தது. இது ரெண்டு தரப்பின்ர உரிமைக்கும் பாதிப்பில்லாமல் எண்டு கிடந்தது. இதை மீறினால் வழக்காளி திரும்பவும் தடைக்கட்டளைக்கு விண்ணப்பிக்கலாம், அந்த உரிமை ஒதுக்கி வைக்கப்படுது எண்டு கிடந்தது. கடைசியா மறுமொழிக்குத் தவணை.

அம்மா திருப்பி ஒருக்கா வாசிக்கச் சொன்னா. வாசிச்சன். "அப்ப அவர் கட்டேலாது?" எண்டா. கட்டேலாது. "நாங்கள் போகலாம்?" போகலாம். "நான் ஒண்டையும் விட்டுக் குடுக்கேல்லை?" அந்த வரியைத் தொட்டுக் காட்டினன், உரிமைக்குப் பாதிப்பில்லாமல் எண்ட வரி. கோட்டுக்குக் குடுத்த உறுதிமொழியை மீறினால் அது நீதிமன்ற அவமதிப்பு, தடைக்கட்டளையை மீறினாலும் அதுதான். எங்களுக்கு வேணுமெண்டு போனது கையில கிடக்கு, நாங்கள் அதுக்கு அழுதுகொண்டு இருந்தம்.

ஆனா ரெண்டாந்தரம் வாசிக்கேக்க எனக்கு இன்னொண்டு தட்டுப்பட்டுது. அந்தப் பக்கத்தில ஒழுங்கை கிடக்கு, கிணறு இல்லை. முறைப்பாட்டில கிணற்றுப் பங்கும் கேட்டிருந்தம், தடைக்கட்டளை விண்ணப்பத்திலயும் ரெண்டையும் கேட்டிருந்தம். உறுதிமொழி பாதைக்கு மட்டுந்தான். நாளைக்கு அவர் கிணத்தடியை மறிச்சுப்போட்டு, நான் ஒழுங்கையைத் தொடேல்லையே எண்டு சொன்னால் அந்தக் கொப்பியின்படி அவர் சொல்லுறது சரி.

பின்னேரம் லோயரின்ர வீட்டு ஒப்பீசுக்குப் போனன். அங்க வாங்கில எனக்கு முதல் ஆக்கள் இருந்தவை, இருண்ட பிறகுதான் கூப்பிட்டவர். கொப்பியைக் குடுத்து, "சேர், இதில ஒழுங்கை மட்டுந்தான் கிடக்கு, கிணறு வரேல்லை" எண்டன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிச்சார். முறைப்பாட்டை எடுத்து வைச்சு ரெண்டையும் பாத்தார். "ஓம் பிள்ளை, நீங்கள் சொல்லுறது சரி. அண்டைக்குக் கதைக்கேக்க ரெண்டையும்தான் கதைச்சது, பதிவில ஒண்டுதான் வந்திருக்கு." யூனியரைக் கூப்பிட்டு மற்றப் பக்கத்துக்கு அறிவித்தல் குடுத்து நகர்த்தல் பத்திரம் (கோட்டிட்டக் கேக்கிற விண்ணப்பம்) ஒண்டு தயாரிக்கச் சொன்னவர். அடுத்த தவணையில அவையின்ர லோயர் ஆட்சேபிக்கேல்லை, கிணறும் பதிவுக்குள்ள வந்திட்டுது. ரெண்டு லோயர்மாரும் முகம் முறிக்காமல் கதைக்கிறதால எங்களுக்கு வந்த நன்மை அது. சண்டைக்காரரா நிண்டிருந்தால் அதுக்கு ஒரு விசாரணை, எழுத்துச் சமர்ப்பணம், இன்னும் எத்தினையோ தவணை.

அண்டைக்குத்தான் கேட்டன், ஏன் சேர் தடைக்கட்டளைக்கு வாதாடாமல் விட்டனீங்கள் எண்டு. அவர் கோவிக்கேல்லை, உண்மையில ஆரும் கேக்கமாட்டினமோ எண்டு இருந்தவர் போல கதிரையைக் கிட்ட இழுத்துப்போட்டுச் சொன்னார். அத்திவாரத்தை உடைக்கிறது வழக்கின்ர கடைசியில கேக்கிற நிவாரணம், இடைநடுவில எந்தக் கோடும் அதை லேசில தராது. அப்ப நாங்கள் ஆகக்கூட எதிர்பாக்கக்கூடியது மேல கட்டாமல் நிப்பாட்டுறது மட்டுந்தான். அதுக்கு விசாரணை நடந்து நாங்கள் வெண்டால், அவையள் 14 நாளுக்குள்ள மேன்முறையீட்டுக்கு அனுமதி கேட்டு யாழ்ப்பாணத்திலயே இருக்கிற குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். நாங்கள் தோத்தால் நாங்கள் போவம். எது நடந்தாலும் தாய் வழக்கு இஞ்ச தூங்கும். உங்கட அம்மாவுக்கு எத்தினை வயசு எண்டு கேட்டவர். சொன்னன். "அவ சாட்சி சொல்லோணும் பிள்ளை, அவ சொல்ல ஏலும் எண்டு இருக்கேக்கயே சொல்லிப்போடோணும். நான் அதுக்குத்தான் ஓடுறன்."

இந்த ஒரு வசனத்தை அவர் கோட்டடியில வைச்சு அம்மாவுக்குச் சொல்லியிருந்தால் அந்த அழுகையும் கத்தலும் நடந்திராது. இதை நான் அவருக்கே சொன்னனான். லோயர்மாரிலயும் எனக்குக் குறை இருக்கு, அதை மறைக்கேலாது. ஒரு நாளைக்கு எத்தினையோ வழக்குக்கு ஓடுறவைக்கு ஒவ்வொருத்தரையும் இருத்தி விளங்கப்படுத்த நேரமில்லை எண்டது சரிதான். ஆனா வழக்காளிக்குத் தன்ர வழக்கு ஒண்டுதான் வழக்கு. வீட்டை வந்து பத்து நிமிசம் கேட்டால் சொல்லுறவர், கேக்காட்டி ஒரு காலமும் சொல்லமாட்டார் எண்டால், கேக்கப் பயப்பிடுற சனத்தின்ர கதி என்ன? அம்மா மாதிரி ஆக்களுக்குப் பக்கத்தில கேக்கிறதுக்கு ஒரு பிள்ளை இல்லையெண்டால்?

அம்மா சாட்சி சொன்னது

விளக்கம் தொடங்கினபோது அம்மா கூண்டில ஏறினா. ஏற முதல் பெரிய மனக்கசப்பு ஒண்டு. அம்மா தன்ர தகப்பன் காலத்தில இருந்து சொல்ல வெளிக்கிட்டா, 60களில அந்த ஒழுங்கையால வண்டில் போனது, புகையிலைக் கண்டு ஏத்தினது, தன்ர கலியாணத்துக்குப் பந்தல் சாமான் அதாலதான் வந்தது, பழைய வளவுக்காரர் எவ்வளவு தங்கமான மனுசன், கேக்காமலே போகவர விட்டவர், மழைக்குச் சேறானால் தானே மண் போட்டுத் தந்தவர். லோயர் இதெல்லாத்தையும் கேட்டுப்போட்டு, "அம்மா, 1996இல திரும்பி வந்ததுக்குப் பிறகு நடந்ததைத்தான் நான் கேக்கப்போறன்" எண்டார். அம்மாவுக்கு அது பெரிய அவமானமாப் போச்சு. என்ர ஐயாவின்ர காலம் இவருக்குக் கணக்கில்லையோ எண்டு என்னோட சண்டை.

நான் இதையும் கேட்டு விளங்கிக்கொண்டுதான் அம்மாவுக்குச் சொன்னன். எங்கட சனத்தின்ர காலக்கணக்கு நேர்கோடு இல்லை. 87இல இந்திய ஆமி வரேக்க ஓடினது, பிறகு 1995 ஒக்டோபர் 30 முழு வலிகாமமும் ஒரே இரவில வெளிக்கிட்டது, நாங்கள் தென்மராட்சியில போய் இருந்தது, 96இல திரும்பினது. 60களில இருந்து தொடர்ச்சியா எண்டு சொன்னால், மற்றப் பக்க லோயர் ஒவ்வொரு ஓட்டத்தையும் எடுத்து, அப்ப இருந்தனீங்களோ, அப்ப பாவிச்சனீங்களோ எண்டு குறுக்கு விசாரணையில கேட்டு அம்மாவைக் குழப்பலாம். சட்டத்துக்குத் தேவை பத்து வருசம். 96க்குப் பிறகு அது தாராளமாக் கிடக்கு, ஒரு நாளும் விடுபடாமல். பிறகேன் ஓட்டை இருக்கிற காலத்தைக் கொண்டுபோய்க் குடுப்பான்?

மற்றது இன்னும் நுணுக்கமானது, எனக்கு மனசுக்குக் கஷ்டமானதும் அதுதான். ஒருத்தர் அனுமதி குடுத்துப் போய் வந்தால் அது எத்தினை வருசமானாலும் ஆட்சி உரிமையா மாறாது. அம்மா வாய் நிறையப் புகழுற அந்த நல்ல மனுசன்ர நல்ல குணமே, ரெண்டாவது காரணத்தை அடியோட சாய்க்கக்கூடியது. "அவர் விட்டவர்" எண்டு அம்மா கூண்டில சொல்லி அது பதிஞ்சால், பக்கத்து வீட்டுக்காரரின்ர தயவில போனவை எண்டு அவையள் வாதாடலாம். லோயர் அம்மாவைப் பொய் சொல்லச் சொல்லேல்லை, அதில நான் கவனமா இருந்தனான். "உண்மையை மட்டும் சொல்லுங்கோ, கேட்ட கேள்விக்கு மட்டும் சொல்லுங்கோ" எண்டுதான் சொன்னவர். அவர் ஏன் உறுதியையும் சேவையரையும் முன்னுக்குப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர் எண்டது எனக்கு அப்பதான் முழுசா விளங்கினது. உறுதியில கிடக்கிற உரிமைக்குப் பழைய வளவுக்காரர் நல்லவரோ கெட்டவரோ எண்டது தேவையில்லை. அம்மா அவரைத் தங்கமான மனுசன் எண்டு சொன்னாலும் அந்தக் காரணம் அசையாது. எங்கட வழக்கை அம்மாவின்ர வாயில இருந்து காப்பாத்திற மாதிரியும், அம்மாவின்ர வாயைப் பொத்தாத மாதிரியும் அந்த மனுசன் கட்டியிருக்கிறார். சொல்லித்தான் தரேல்லை.

குறுக்கு விசாரணையில கேட்டவை, பழைய சொந்தக்காரர் உங்களைத் தடுத்தவரோ எண்டு. அம்மா சொன்னா, "ஏன் தடுக்கிறது, அது எங்கட ஒழுங்கை எண்டு அவருக்கும் தெரியும்." ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லை. அது அம்மாவின்ர சொந்த வசனம், இப்ப அது வழக்கேட்டில கிடக்கு, நான் கொப்பி எடுத்து வைச்சிருக்கிறன்.

இப்ப ஒவ்வொரு தவணைக்குப் பிறகும் வழக்கேட்டுப் பதிவைப் பாத்து ஒரு சி.ஆர். கொப்பியில எழுதுறன்: என்ன நடந்தது, ஆர் என்ன செய்யோணும், எந்தத் திகதிக்குள்ள. திகதிதான் பொல்லாதது. தீர்ப்பு வந்தால் 14 நாளுக்குள்ள மேன்முறையீட்டு அறிவித்தல், 60 நாளுக்குள்ள மேன்முறையீட்டு மனு, ரெண்டும் தீர்ப்புச் சொன்ன நாளில இருந்துதான் ஓடும், எங்கட கைக்குக் கொப்பி வந்த நாளில இருந்து இல்லை. முதல் கணக்கில ஞாயிறும் பொது விடுமுறையும் கழியும், அதை நம்பிக்கொண்டு இருக்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமையில சின்னமாமா எடுக்கேக்க அந்தக் கொப்பியைப் பாத்துத்தான் சொல்லுறன். முதல் கொஞ்சக்காலம் "அதை விடு, வெல்லுமோ?" எண்டுதான் நிண்டவர். இப்ப "சேவையரின்ர றிப்போட்டில அகலம் என்ன போட்டிருக்கு?" எண்டு கேக்கிறார். சித்தப்பா இன்னும் கோட்டடியில நிண்டு விளக்கம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார், அவரை மாத்தேலாது.

அடுத்த தவணை சேவையரின்ர சாட்சி. வரைபடத்தில ஒழுங்கை ரோட்டடியில ஆறடி, கிணத்தடிக்குக் கிட்ட ஐஞ்சடி எண்டு வந்திருக்கு, அவையள் மூண்டடி நடைபாதைதான் எண்டு நிக்கினம். மூண்டடியெண்டால் லான்ட்மாஸ்டர் உழவு மெசின் போகாது, தோட்டம் செய்யேலாது. அந்த ஐஞ்சடி இடத்தில பழைய வேலிக் கதியால் அடி கிடந்ததை றிப்போட்டில குறிச்சிருக்கோ, குறிக்காட்டி சாட்சியில கேக்கலாமோ, அவையள் தங்கட பக்கத்தால வேற சேவையருக்குக் கொமிசன் கேட்டால் நாங்கள் என்ன செய்யிறது எண்டு மூண்டு கேள்வி எழுதி வைச்சிருக்கிறன். வியாழக்கிழமை பின்னேரம் லோயர் வீட்டை போறன். அம்மாவும் வாறன் எண்டு நிக்கிறா.